மலைக்குப் போதும்

மூன்று மாதம் மலை ஏறி இறங்கிச் செய்த வேலை, ஒரே ஒரு கையெழுத்துக்காக மேசையில் கிடந்தால் யாருக்குத்தான் கோபம் வராது? நல்லசிவத்துக்கு வந்தது. மருத்துவக் கல்லூரியின் வைரஸ் ஆய்வுக்கூடத்தில், தன் பேராசிரியை மெர்சியாளின் முன்னால் நின்று கொதித்துக்கொண்டிருந்தான்.

விஷயம் இதுதான். ஃப்ளூ காய்ச்சலைக் கண்டுபிடிக்க மலிவாக ஓர் அட்டை வந்திருந்தது. மூக்கில் பஞ்சுக் குச்சியை விட்டெடுத்துக் கரைசலில் கலக்கி, அட்டையில் நாலு சொட்டு விட்டால் கால் மணியில் பதில். இரண்டு கோடு விழுந்தால் நோய், ஒரு கோடு என்றால் இல்லை. அது தேறுமா என்று பார்த்துச் சொல்வது நல்லசிவத்தின் வேலை. ஆய்வுக்கூடத்துப் பெரிய மெஷின் நோய் உண்டு என்று உறுதி செய்த நூறு பேரில் எழுபத்தொரு பேரை அட்டை பிடித்தது. ‘மலைக் கிராமங்களுக்கு இது போதும்’ என்று அறிக்கையை முடித்திருந்தான். அம்மையார் பேனாவையே தொடவில்லை.

“ஏன் மேடம்?”

“மீதி இருபத்தொன்பது பேர்?”

“ஒண்ணுமே இல்லாத ஊர் மேடம் அது! பாதி நாள் கரண்ட் கிடையாது. இந்தப் பெரிய மெஷினைத் தலையில வச்சா தூக்கிட்டுப் போறது? நீங்க ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு நூத்துக்கு நூறு கேக்கறீங்க. அங்க புள்ளைங்க மூச்சு வாங்கிக்கிட்டுக் கெடக்குது!”

சொன்ன பிறகுதான் வாய் நீண்டுவிட்டது உறைத்தது. ஆனாலும் தப்பாக ஒன்றும் சொல்லிவிடவில்லை என்றே நினைத்தான். மேலும் சொல்லியிருப்பான், இருமல் வந்து தடுத்துவிட்டது.

மெர்சியாள் முகம் மாறவில்லை. “காய்ச்சலா?”

“ரெண்டு நாளா. அலைச்சல் மேடம், வேற ஒண்ணுமில்லை.”

அவர் எழுந்து வந்தார். புதிதாக ஓர் அட்டையைப் பிரித்து, அவன் மூக்கிலேயே குச்சியை விட்டார். கரைசலில் கலக்கி நாலு சொட்டு விட்டு, கால் மணி காத்திருந்தார். ஒரே கோடுதான் விழுந்தது.

“உனக்கு ஃப்ளூ இல்லை. நாலு மணி பஸ்ஸுக்கு மாமியார் வீட்டுக்குப் போகணும்னியே, கிளம்பு. குழந்தை பிறந்து எத்தனை நாள் ஆச்சு?”

“இருபத்திரெண்டு.”

“இன்னும் கையில வாங்கவே இல்லையே நீ. போய் ஆசை தீரக் கொஞ்சு.”

நல்லசிவம் நகரவில்லை.

“மேடம்... மெஷின்ல ஒரு தடவை போட்டுப் பார்த்துட்டுப் போயிடறேனே.”

“எதுக்கு? அட்டைதான் இல்லைன்னு சொல்லிடுச்சே.”

“பச்சக் குழந்தை மேடம். இதை நம்பி எப்படி...”

இத்தனை நேரம் அவர் மேல் இருந்த ஆத்திரம் அப்படியே தன் மேல் திரும்பியது.

மெர்சியாள் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி வைத்து, பேனாவை அவன் பக்கம் நகர்த்தினார்.

“மலையில இருக்கற குழந்தைக்குப் போதும், என் குழந்தைக்குப் போதாதுன்னு எழுது. இப்பவே கையெழுத்துப் போடறேன்.”