செங்கமலம் உட்காரும் இடம்

ஜவ்வாது மலைக்குக் கிழக்கே, ஆரணிச் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி ஒரு சிறிய மடம் இருந்தது. அதன் தலைவி உண்ணாமுலை அம்மா. அதிகம் பேச மாட்டார். பிரசங்கம் எதுவும் செய்ததில்லை. ஆனாலும் அவர் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போவதற்காகவே ஜனங்கள் பஸ் மாறிப் பஸ் ஏறி வந்தார்கள்.

அவருடைய சீடர்களில் ஒருவர் தாண்டவமூர்த்தி. குருவைவிட வயதில் மூத்தவர், கல்யாணச் சமையல்காரராக இருந்தவர். ஒரு காலத்தில் வேலூர் பக்கம் பெரிய இடத்துக் கல்யாணம் என்றால் அவருடைய தேதியைக் கேட்டுவிட்டுத்தான் முகூர்த்தமே குறிப்பார்கள். மனைவி இறந்த பிறகு அவருக்கு எதிலும் பிடிப்பு இல்லாமல் போயிற்று. தொழிலை விட்டார். தன் கரண்டிகளையும் எண்ணெயில் அரித்தெடுக்கும் ஜாரணிகளையும் மட்டும் ஒரு சாக்கில் கட்டிக்கொண்டு மடத்துக்கு வந்து சேர்ந்தார்.

அவர் குருவை அம்மா என்றார். குரு அவரை அண்ணே என்றார்.

மடத்துச் சமையல் அவர் கைக்கு வந்தது. தகரக் கூரை போட்ட நீளமான அடுக்களை. அதில் மூன்று வாய் வைத்த கோட்டை அடுப்பு. பக்கத்து ஊரிலிருந்து செங்கமலம் என்ற பெண் உதவிக்கு வருவாள். அவர் வருவதற்கு வெகுகாலம் முன்பிருந்தே அங்கே வேலை செய்கிறவள். அடுப்பு வாய்க்கு எதிரே கிடந்த ஒரு கல்லில் உட்கார்ந்து விறகு தள்ளுவாள். தணல் சரியாக இருக்கும்போது தேங்காய் துருவுவாள். தாண்டவமூர்த்தி நின்றபடி கிண்டுவார், தாளிப்பார், ருசி சொல்லுவார்.

அவர் வந்த பிறகு மடத்துச் சாப்பாட்டின் பேர் வெளியூருக்கெல்லாம் எட்டியது. சாம்பார், ரசம், கூட்டு, பொரியல், வடை, அப்பளம் எல்லாம் தினமும் உண்டு. சித்திரை வெயிலிலும் அவர் ஒன்றைக்கூடக் குறைக்கவில்லை. குறைத்தால் அது தன் கைச் சமையல் இல்லை என்பது அவர் எண்ணம்.

ஒரு குறை மட்டும் அவருக்குத் தீரவில்லை. பந்தி முடிந்து பாத்திரம் கவிழ்த்த பிறகு அவர் தியானத்தில் உட்காருவார். உட்கார்ந்தால் உள்ளே ஒன்று மாற்றி ஒன்று கிளம்பும். யார் சாம்பாரை மிச்சம் வைத்தார்கள், யார் ரசத்தைப் புகழவில்லை, எப்போதோ ஒரு கல்யாணத்தில் யார் என்ன சொன்னார்கள் என்று ஓயாமல் வந்துகொண்டே இருக்கும்.

கத்திரி வெயில் தொடங்கியிருந்த ஒரு பிற்பகல் அவர் அம்மாவிடம் போனார்.

"அம்மா, உட்கார்ந்தா மனசு கொதிக்குது. நான் என்ன செய்யட்டும்?"

அம்மா அவரைப் பார்த்தார். சட்டை முதுகோடு ஒட்டிக் கிடந்தது. புருவத்தில் வேர்வை நின்றது.

"நாளைக்கு அடுக்களைக்கு வர்றேன் அண்ணே" என்றார்.

மறுநாள் காலை அம்மா தன் பலகையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்கு வந்தார். செங்கமலத்திடம் ஏதோ சொல்லி அவளைக் கிணற்றடி வேப்பமரத்து நிழலுக்குக் கீரை ஆய அனுப்பினார். பிறகு அடுப்பு வாய்க்கு எதிரே, அந்தக் கல்லின் மேல் பலகையைப் போட்டு உட்கார்ந்தார். ஒரு விறகை உள்ளே தள்ளினார்.

தாண்டவமூர்த்தி பதறிப்போனார். இங்கே அனல் அடிக்கும், அம்மா அறைக்குப் போக வேண்டும் என்று கெஞ்சினார். விறகை நானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். ஒரு விசிறியைக் கொண்டுவந்து நீட்டினார். அம்மா விசிறியை வாங்கி அடுப்பை விசிறினார்.

"அம்மா, உங்களுக்கு இது பழக்கமில்லை."

"செங்கமலம் உட்காருற இடந்தானே?"

"அவளுக்குப் பழகிப்போச்சுங்க."

அம்மா இன்னொரு விறகைத் தள்ளினார். அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் ஏற ஏறத் தகரம் கூடச் சேர்ந்து காய்ந்தது. அம்மாவின் முகம் சிவந்து பளபளத்தது. புகை சுற்றிவந்தபோது கண்ணை மூடிக்கொண்டார், இருமினார், எழுந்திருக்கவில்லை.

தாண்டவமூர்த்திக்குக் கை ஓடவில்லை. வடைக்கு எண்ணெய்ச் சட்டியை ஏற்ற வேண்டும். ஏற்றினால் இன்னும் ஒரு மணி நேரம் அம்மா அங்கே உட்கார வேண்டியிருக்கும். உளுந்தை எடுத்து வைத்தவர் அதை மூடிவைத்தார். அன்று வடை இல்லை. அப்பளமும் பொரிக்கவில்லை.

அதற்கடுத்த நாளும் அம்மா வந்தார். அன்று தாண்டவமூர்த்தி பொரியலை நிறுத்தினார். வெள்ளரிப்பிஞ்சை அரிந்து, ஊறிய பாசிப்பருப்பும் மாங்காயும் சேர்த்து எலுமிச்சம்பழம் பிழிந்து வைத்தார். அதற்கு அடுப்பு வேண்டியிருக்கவில்லை. பிறகு ஒரு நாள் சாம்பாரை விட்டுவிட்டு, புளியைக் கரைத்து, பச்சை மிளகாயும் கொத்தமல்லியும் நசுக்கிப் போட்டு, வெல்லம் சேர்த்துப் பச்சைப்புளி ரசம் செய்தார். கூட்டுக்குப் பதில் தேங்காயும் மிளகாயும் அரைத்துத் தயிரில் கலக்கினார். ஒவ்வொன்றாகப் போய்க் கடைசியில் சோறு மட்டும் அடுப்பில் நின்றது.

அதையும் ஒரு மாலை, வெயில் இறங்கிய பிறகு வடித்துத் தண்ணீர் ஊற்றி வைத்தார்.

மறுநாள் காலை அம்மா பலகையோடு வந்தபோது அடுப்பு மூட்டப்படவில்லை. சாம்பல் குளிர்ந்திருந்தது. அம்மா ஒரு கணம் நின்று பார்த்தார். பலகையை எடுத்துக்கொண்டு தன் அறைக்குத் திரும்பிவிட்டார்.

தாண்டவமூர்த்திக்கு மார்பிலிருந்து ஒரு பாரம் இறங்கியது போலிருந்தது.

அன்று மடத்தில் எல்லோரும் நீர் விட்ட சோற்றில் மோர் ஊற்றிச் சாப்பிட்டார்கள். நுங்கு வந்திருந்தது. பானகம் கரைத்திருந்தது. இரண்டொருவர் இன்று என்ன விரதமா என்று கேட்டார்கள். மற்றவர்கள் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, இடம் குளுமையாக இருக்கிறதே என்று அடுக்களைத் தரையிலேயே துண்டை விரித்துப் படுத்தார்கள். மடத்துப் பூனை அடுப்புக்குள் இறங்கிச் சாம்பலில் சுருண்டுகொண்டது. செங்கமலம் அதை விரட்டப் போனாள். அடுப்பில் பூனை படுத்தால் வீட்டில் ஒன்றுமில்லை என்று ஊர் பேசும் என்றாள். தாண்டவமூர்த்தி அது கிடக்கட்டும் என்றார்.

குருபூசை நெருங்கியது. வைகாசியில் வருகிற அந்த ஒரு நாள்தான் மடத்துக்குப் பெரிய நாள். ஆரணியிலிருந்து ஆலை முதலாளி பொன்னம்பலம் குடும்பத்தோடு வருவதாகத் தகவல் வந்தது. அவருடைய மகள் கல்யாணத்துக்குச் சமைத்தவர் தாண்டவமூர்த்திதான். அந்தக் கல்யாணத்துச் சாப்பாட்டைப் பற்றிப் பொன்னம்பலம் இன்னமும் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருப்பார்.

தாண்டவமூர்த்தி யோசித்தார். அம்மா இப்போது அடுக்களைக்கு வருவதில்லை. அவருக்குத் தொந்தரவு இல்லை. ஒரே ஒரு நாள். அந்த ஒரு நாளைக்கு மூன்று வாயும் எரியட்டும், வந்தவர்கள் வாயார உண்டுவிட்டுப் போகட்டும் என்று முடிவு செய்தார்.

குருபூசையன்று பொழுது விடிந்ததும் பூனையைத் தூக்கி வெளியே விட்டார். சாம்பலை அள்ளினார். புளிய விறகை அடுக்கினார். செங்கமலத்தை வந்து உட்காரச் சொன்னார்.

அவள் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். அரிவாள்மணையை மடக்கி வைத்தாள். முந்தானையை இழுத்துத் தலையைச் சுற்றிக் கட்டினாள். வந்து கல்லில் உட்கார்ந்தாள்.

தாண்டவமூர்த்தி தீக்குச்சியைக் கிழித்தார். அம்மா உட்கார்ந்திருந்த இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். அதே போலக் கண்ணைச் சுருக்கி, புகைக்கு முன்னாலேயே புகைக்குத் தயாராக. அவளுடைய வலது கன்னம் அனல் பட்டு இடது கன்னத்தைவிடக் கறுத்திருந்ததை அவர் அன்றுதான் பார்த்தார்.

குச்சி எரிந்துகொண்டிருந்தது.

"உனக்குப் பழகிப்போச்சு, இல்ல செங்கமலம்?" என்று கேட்டார்.

அவர் உண்மையாகத்தான் கேட்கிறாரா என்று பார்ப்பவள்போல நிமிர்ந்து பார்த்தாள்.

"பழகலைங்க. சொல்லலை, அவ்வளவுதான்."

தீ விரலைச் சுட்டது. அவர் குச்சியை உதறிக் கீழே போட்டார். தீப்பெட்டியை மூடினார். எத்தனையோ வருஷம் எத்தனையோ அடுப்புகளுக்கு எதிரே யார் யாரோ உட்கார்ந்திருந்திருக்கிறார்கள். ஒருவர் முகமும் அவருக்கு ஞாபகம் வரவில்லை.

"எந்திரி. காயை நறுக்கு" என்றார். "சோறு நேத்து ராத்திரியே வடிச்சது நிறைய இருக்கு. அவல் ரெண்டு மூட்டை இருக்கு. பார்த்துக்கலாம்."

பிறகு அவர் வேலை செய்த வேகத்தைச் செங்கமலம் அதற்கு முன் பார்த்ததில்லை. அண்டா அண்டாவாகப் பாசிப்பருப்பை ஊறவைத்தார். அவலில் ஒரு பாதியைப் புளித்தண்ணீரிலும் மறுபாதியைத் தயிரிலும் நனைத்தார். மாங்காயை நீளவாக்கில் சீவச் சொன்னார். வாழைத்தண்டை நாரெடுத்து மோரில் போட்டார். கிணற்றுத் தண்ணீரில் நனைத்த துணியைச் சுற்றி மண்பானைகளை வரிசையாக வைத்து, ஒன்றில் நீர்மோர், ஒன்றில் பானகம், ஒன்றில் வெட்டிவேர் போட்ட தண்ணீர் என்று நிரப்பினார். உப்பு, புளிப்பு, காரம் ஒவ்வொன்றையும் உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தார். பார்த்துவிட்டுச் செங்கமலத்தின் கையிலும் விட்டு, நீ சொல்லு என்றார். பச்சைப்புளி ரசத்துக்கு இன்னும் ஒரு துளி உப்பு வேண்டும் என்று அவள் சொன்னாள். போட்டார்.

பந்தி போட்டது அடுக்களையில்தான். மடத்திலேயே குளிர்ந்த இடம் அன்று அதுவாக இருந்தது. வெயிலில் வந்தவர்கள் உள்ளே கால் வைத்ததும் அப்பாடா என்றார்கள். பல பேருக்குச் சாப்பாடு பிடித்திருந்தது. குழந்தைகள் பானகத்துக்கு மறுபடியும் மறுபடியும் வந்தன.

பொன்னம்பலத்துக்குப் பிடிக்கவில்லை. இலையைப் பார்த்தார். அடுப்பைப் பார்த்தார். பூனை மறுபடியும் அதற்குள் போய்ப் படுத்திருந்தது.

"என்ன தாண்டவம், கை விட்டுப்போச்சா? அடுப்புல பூனை தூங்குது!" என்றார், பந்தி முழுக்கக் கேட்கும்படி.

சிலர் சிரித்தார்கள். தாண்டவமூர்த்தி மோர்ப்பாத்திரத்தோடு அவர் இலை முன்னால் நின்றிருந்தார். இப்படி ஒரு பேச்சுக்கு முன்பெல்லாம் அவர் உள்ளுக்குள் மாதக்கணக்கில் வெந்திருப்பார். இப்போதும் அது வரும் என்று காத்திருந்தார். காது மட்டும் கொஞ்சம் சூடானது.

"ஆமாங்க, நல்லாத் தூங்குது" என்றார். "மோர் விடட்டுங்களா?"

பொன்னம்பலம் வேண்டாம் என்று கையை நீட்டி மறித்தார். பாதி இலையோடு எழுந்தார். கை கழுவியவர் அம்மாவைக் கும்பிட்டுவிட்டுக் கிளம்பினார். தாண்டவமூர்த்தி அடுத்த இலைக்குப் போய் மோர் விட்டார்.

எல்லோரும் போன பிறகு அவரும் செங்கமலமும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். தன் மகளுக்கு ஆடியில் பிரசவம், பதினைந்து நாள் லீவு வேண்டும் என்று அவள் சொன்னாள். அவளுக்கு ஒரு மகள் இருப்பதே அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பேரைக் கேட்டார். வேம்பு என்றாள். மருமகன் எப்படி என்று கேட்டார். நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டுச் சிரித்தாள். கொஞ்சம் சோம்பேறி என்றாள்.

பாத்திரம் கவிழ்த்த பிறகு அவர் அங்கேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். தியானம் என்று நினைத்து உட்காரவில்லை. ஈரத்தரையிலிருந்து குளிர்ச்சி காலில் ஏறியது. பூனை மூச்சு விடுவது கேட்டது. அவர் கண்ணைத் திறந்தபோது கிணற்றடி வேப்பமரத்தின் நிழல் அடுக்களை வாசல் வரை நீண்டு வந்திருந்தது.

கத்திரி கழிந்தது. ஒரு சாயங்காலம் மலைப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்து நல்ல மழை பெய்தது. மறுநாள் மண் வாசனை போகவில்லை. காற்றுக்கூடச் சில்லென்று இருந்தது.

தாண்டவமூர்த்தி அம்மாவிடம் போனார். அம்மா ஜன்னலோரம் உட்கார்ந்து கிழிந்த துண்டு ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தார்.

"அம்மா, வெயில் தணிஞ்சுட்டுது. இனிமே பகல்ல அடுப்பை மூட்டலாமா?"

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். துண்டை உதறி மடித்தார்.

"என்னை ஏன் கேக்கறீங்க அண்ணே? அங்கே உட்காரப்போறது நானா?"