நாற்பது அடியில் பாறை

"மூணு பேர் பார்த்து முடிச்ச பிறகு நான் எதுக்கும்மா?" என்று கேட்டார் தாண்டவராயன்.

வேதவல்லி அம்மையார் பாகற்கொடிக்குக் கழி நட்டுக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதை?"

"பாலத்தை."

அம்மையார் ஒரு காலத்தில் பொறியாளர்களுக்கு வகுப்பெடுத்தவர். ஒரு வேலையை எப்படிச் சரிபார்ப்பது என்பதுதான் பாடம். அந்த வகுப்பில் தாண்டவராயன்தான் வயதில் பெரிய மாணவர். ஆசிரியையைவிடவும் பெரியவர். இப்போது அம்மையார் வகுப்பெடுப்பதில்லை. வாய்க்கால் ஓரத்தில் காய்கறி போடுகிறார். ஆனாலும் குழப்பம் வந்தால் தாண்டவராயனுக்குக் கால் இங்கேதான் வரும்.

பாலம் ஆற்றின் நடுவே இருக்கும் தீவுக்குப் போவது. இடம் அரசாங்கத்துடையது. கட்டுவது ஒரு கம்பெனி. கடன் தருவது ஒரு வங்கி. போகிற வருகிற வண்டிகளிடம் கம்பெனி முப்பது வருஷம் கட்டணம் வசூலித்துக்கொள்ளும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொதுவான ஒருவர் கையெழுத்துப் போட்டால் வேலை தொடங்கும். அந்தப் பொதுவான ஒருவர் தாண்டவராயன்.

"போட வேண்டியதுதானே?" என்றார் அம்மையார்.

"போடத்தான் போறேன். திங்கட்கிழமை."

"அப்புறம் ஏன் வந்தீங்க?"

தாண்டவராயன் வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார்.

"என் பொண்ணைத் தீவுலதான் கட்டிக்கொடுத்திருக்கேன். இப்ப மாசமா இருக்கா. மழைக்காலத்துல வெள்ளம் வந்தா படகு போகாது. அந்தப் பாலம் எனக்கு வேணும்மா. அதான், ஆசை கண்ணை மறைச்சுடுமோன்னு பயமா இருக்கு."

அம்மையார் இப்போது நிமிர்ந்தார்.

"தூண் எதுமேல நிக்கப்போகுது?"

"பாறைமேல. நாற்பது அடியில பாறை."

"யார் பார்த்தது?"

"மூணு பேரும்தான்."

"மூணு பேர் வேண்டாம். ஒருத்தர் பார்த்திருந்தாப் போதும். யாருன்னு கேட்டுட்டு வாங்க."

*

அரசாங்க அதிகாரி குணசீலன் நல்ல காபி வரவழைத்தார்.

"நாற்பது அடியில பாறைன்னு போட்டிருக்கீங்களே, அது நீங்க பார்த்ததா?"

"நாங்க டெண்டரோட இணைச்சோம் சார். அடியில பாருங்க, 'தகவலுக்காக மட்டும்'னு போட்டிருக்கோம். தோண்டிப் பார்த்துக்க வேண்டியது கம்பெனி."

"தகவல் எங்கேயிருந்து?"

"அந்தக் காலத்துல படகுத்துறை கட்டினப்போ எடுத்தது."

"அந்தப் படகுத்துறை இப்ப எங்கே?"

"அதை ஆறு அடிச்சுக்கிட்டுப் போயிருச்சே சார்!"

இருவரும் சிரித்தார்கள். காபி நன்றாக இருந்தது.

*

கம்பெனியின் கொட்டகை தீவில் இருந்தது. தாண்டவராயன் படகேறிப் போனார். மேலாளர் ஜெபராஜ் இரண்டு கைகளையும் விரித்தார்.

"அரசாங்கம் கொடுத்த தகவல் சார் அது. அரசாங்கத்தையே சந்தேகப்பட்டா நாங்க தொழில் பண்ண முடியுமா?"

"நீங்களும் ஒரு தடவை தோண்டிப் பார்த்திருக்கலாமே?"

"எதுக்கு சார்? வங்கிக்காரங்க எங்களை அலசிக் காயப்போட்டுட்டாங்க. என் மாமனார் வீட்டுப் பத்திரம் வரைக்கும் கேட்டாங்கன்னா பார்த்துக்குங்க."

"ஆத்தைப் பத்தி என்ன கேட்டாங்க?"

ஜெபராஜ் யோசித்தார்.

"மாமனாரைப் பத்தித்தான் கேட்டாங்க."

*

வங்கி அதிகாரி மும்தாஜ் பேகம் எதையும் மழுப்பிப் பேசுகிறவர் இல்லை.

"கம்பெனியோட கணக்கைப் பார்த்தோம். வழக்கு ஏதாவது இருக்கான்னு பார்த்தோம். வண்டி எத்தனை போகும், வசூல் எவ்வளவு வரும், எல்லாம் பார்த்தோம்."

"பாறையை?"

"ஆறு எங்க வேலை இல்லை சார். அதுக்குத்தான் நீங்க இருக்கீங்களே."

"நான் இன்னும் கையெழுத்துப் போடலையேம்மா."

"போடப்போறீங்கல்ல? அதை நம்பித்தானே எங்க மேலிடத்துல கடனுக்கு ஒப்புதல் கொடுத்திருக்காங்க."

தாண்டவராயன் எழுந்தார். பிறகு உட்கார்ந்தார். பிறகு மறுபடியும் எழுந்து கும்பிட்டுவிட்டு வந்தார்.

*

"யார் பார்த்தது?" என்று கேட்டார் அம்மையார்.

"அரசாங்கம் கம்பெனியைச் சொல்லுது. கம்பெனி அரசாங்கத்தையும் வங்கியையும் சொல்லுது. வங்கி என்னைச் சொல்லுது."

"நீங்க?"

"நான் மூணு பேரையும் சொல்லிக்கிட்டிருந்தேன்."

அம்மையார் பூச்சி அரித்த ஓர் இலையைக் கிள்ளி எறிந்தார்.

வருகிற வழியெல்லாம் தாண்டவராயன் ஒரு நியாயத்தைத் தேடிக்கொண்டே வந்திருந்தார். அது இப்போது கண்ணெதிரே நின்றது. மூன்று கழிகள். ஒன்றின்மேல் ஒன்று சாய்ந்து, உச்சியில் கயிற்றால் கட்டப்பட்டு, பாகற்கொடியைத் தாங்கிக்கொண்டிருந்தன.

"ஆனா ஒண்ணும்மா. ஒருத்தரை நம்பி ஒருத்தர் நிக்கறது தப்பா? இதைப் பாருங்க. மூணும் ஒண்ணையொண்ணு சாய்ஞ்சுக்கிட்டு எவ்வளவு உறுதியா நிக்குது! எல்லாரும் எல்லாத்தையும் தோண்டிப் பார்த்துக்கிட்டிருந்தா நாட்டுல ஒரு பாலமாவது எழும்புமா?"

"நல்லாச் சொன்னீங்க" என்றார் அம்மையார்.

கொடி ஏறாத இன்னொரு முக்கழியை அப்படியே தூக்கி அவர் கையில் கொடுத்தார். வாய்க்காலைக் காட்டினார்.

"அங்கே நிறுத்துங்க."

வாய்க்காலில் தூர் வாரி வெகுநாளாகியிருந்தது. மேலே ஒரு சாண் தண்ணீர். அடியில் சேறு.

தாண்டவராயன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். ஓரத்தில் குந்தி, முக்கழியை நடுவில் நிறுத்தினார். நின்றது. வெற்றியோடு திரும்பி அம்மையாரைப் பார்த்தார்.

"என்னை ஏன் பாக்கறீங்க? அதைப் பாருங்க."

கழிகள் இறங்கிக்கொண்டிருந்தன. சத்தமில்லை. அவசரமுமில்லை. முதலில் ஒரு பக்கம் சாய்ந்தன. அப்புறம் கால்கள் மறைந்தன. கடைசியில் தண்ணீருக்கு மேலே கயிற்று முடிச்சு மட்டும் தெரிந்தது.

"பாருங்க, இப்பவும் ஒண்ணையொண்ணு விடலை" என்றார் அம்மையார்.

தாண்டவராயனுக்கு முகம் சிவந்துவிட்டது.

"சரி, ஒத்துக்கறேன். ஆனா தப்பு யார் மேல? தோண்டாம எழுதின அரசாங்கம் மேலயா? பார்க்காம டெண்டர் எடுத்த கம்பெனி மேலயா? கேட்காம கடன் கொடுக்கற வங்கி மேலயா? அதைச் சொல்லுங்க. மூணு பேருக்கும் சூடா ஒரு கடிதம் எழுதறேன்."

"கம்பெனிக்காரரை எங்கே பார்த்தீங்க?"

"தீவுல."

"எப்படிப் போனீங்க?"

"படகுலதான். வேற எப்படிப் போறது?"

"ஆறு எப்படி இருந்தது?"

தாண்டவராயன் வாயைத் திறந்தார். போகும்போது கைபேசியில் பேசிக்கொண்டிருந்தார். வரும்போது கையிலிருந்த காகிதங்களைப் படித்துக்கொண்டிருந்தார்.

வாயை மூடிக்கொண்டார்.

அம்மையார் சேற்றிலிருந்து கழிகளைப் பிடுங்கி, வாய்க்கால் தண்ணீரிலேயே கழுவத் தொடங்கினார்.

*

திங்கட்கிழமை காலையில் இரண்டு படகுகளைப் பலகை போட்டுச் சேர்த்துக் கட்டி, அதன்மேல் துளை போடும் இயந்திரத்தை ஏற்றியிருந்தார்கள். முதல் தூண் வரவேண்டிய இடத்தில் நங்கூரம் போட்டு நின்றது அது. இயந்திரக்காரன் இருளப்பன் முழங்கால்வரை நனைந்திருந்தான். தாண்டவராயன் இடுப்புவரை நனைந்திருந்தார்.

"நாற்பது அடி தாண்டிருச்சு சார்" என்று கத்தினான் இருளப்பன். "நிறுத்திரட்டுமா? உங்க பேப்பர்ல நாற்பதுன்னுதானே போட்டிருக்கு?"

"என்ன வருது?"

"மண்ணுதான் வருது."

"அப்ப ஏன் நிறுத்தறே?"

கைபேசி அடித்தது. மகள்.

"அப்பா, கையெழுத்துப் போட்டாச்சா? இங்கே தெருவே கூடி நின்னு கேட்குது. என் மாமியார் சர்க்கரைப் பொங்கல் வெச்சுட்டாங்க."

"இல்லம்மா. இன்னும் கேட்டுக்கிட்டிருக்கேன்."

"மூணு பேரையும் கேட்டாச்சுன்னு சொன்னீங்களே. இன்னும் யாரைக் கேக்கணும்?"

இயந்திரத்தின் இரைச்சல் கூடியது. அதில் அவர் என்ன சொன்னாலும் அவளுக்குக் கேட்டிருக்காது. இருளப்பன் குழாயில் வந்ததை ஒரு கை அள்ளி, விரல்களுக்கிடையில் தேய்த்துப் பார்த்தான்.

"மண்ணுதான் சார்! இன்னும் மண்ணுதான்!"

தாண்டவராயன் கைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். குனிந்து, அடுத்த குழாயின் ஒரு முனையைத் தூக்கினார்.

"அந்தப் பக்கம் பிடிப்பா" என்றார்.