லிங்கதுரையின் பாட்டு உடன்குடி போன கதை

தூத்துக்குடியில் ஒரு ஐஸ் கம்பெனியில் மூன்று சேக்காளிகள் வேலை பார்த்தார்கள். லிங்கதுரை பாடுவான். கொம்பையா டோலக் தட்டுவான். சிவனணைந்தான் ஒன்பதாம் வகுப்பு வரை போனவன், அதனால் யோசிப்பான்.

லிங்கதுரைக்கு உடன்குடியில் சந்தனமாரியைப் பெண் கேட்டார்கள். அவள் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டாள்: "நல்லாப் பாடுவாகன்னு சொல்லுதாவ. பாட்டைப் பதிஞ்சு அனுப்பச் சொல்லுங்க. கேட்டுட்டுச் சொல்லுதேன்."

லிங்கதுரைக்கு அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. சென்னையில் இருக்கும் மச்சினன் தளவாய்தான் கை கொடுத்தான். பழைய லேப்டாப் ஒன்று, மைக் ஒன்று, ஒரு பென் டிரைவ், மூன்றையும் அனுப்பிவிட்டுப் போனில் சொன்னான்: "அத்தான், முதல்ல விண்டோஸைத் தூக்கிட்டு லினக்ஸ் போடுங்க. பைசா செலவில்லாம பாட்டுப் பதியலாம்."

"விண்டோன்னா ஜன்னல்" என்றான் சிவனணைந்தான்.

"ஜன்னலைத் தூக்கினாத்தான் பாட்டு பதியுமா?"

"அடைச்ச ரூம்ல பாடினா மூச்சு முட்டும்லா."

"சரி, எந்த ஜன்னலைத் தூக்க?"

"ஒரு ஜன்னல்னா விண்டோன்னு சொல்லியிருப்பான். விண்டோஸ்னு சொன்னான். ரெண்டையும் தூக்கணும்."

கடப்பாரை வாங்கி வந்து இரண்டையும் பெயர்த்துத் தெருவில் சாத்தினார்கள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அது அவர் உடம்புக்கு நல்லது.

பிறகு பென் டிரைவைச் சொருகினார்கள். திரை என்னென்னவோ கேட்டது. மரியாதை தெரிந்தவர்கள், எல்லாவற்றுக்கும் 'சரி' என்றே அழுத்தினார்கள். லினக்ஸ் ஏறிவிட்டது. பாஸ்வேர்டும் வைத்தாகிவிட்டது. "அதை யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்று தளவாய் எச்சரித்திருந்தான்.

மறுநாள் லேப்டாப்பைத் திறந்தால், அது பாஸ்வேர்டைக் கேட்டது.

"சொல்லிராதலே!" என்று கத்தினான் கொம்பையா.

"இதுகிட்டதானே நேத்து வச்சோம்? மறந்துட்டோ?"

"மறக்கிற சாதனமா இது? எவனோ கேக்கச் சொல்லியிருக்கான்."

அன்று பூராவும் மூவரும் வாயைத் திறக்காமல் லேப்டாப் எதிரில் உட்கார்ந்திருந்தார்கள். அதுவும் விடவில்லை. கடைசியில் தளவாய் போனில் கூப்பாடு போட்ட பிறகு, சிவனணைந்தான் திரைமேல் துண்டைப் போட்டு மூடிக்கொண்டு தட்டினான். துண்டை விலக்கிப் பார்த்தால் வரிசையாகப் புள்ளிகள்.

"பாத்தியளா, அதுவும் வெளியே காட்டாம புள்ளி வச்சு மறைக்குது. நல்ல பிள்ளைதான்" என்றான்.

"மொத்தமாப் பாடாதிய, ஆளுக்கொரு ட்ராக்ல பதியுங்க" என்றான் தளவாய். மைக்கையும் டோலக்கையும் தூக்கிக்கொண்டு மூவரும் ரயில்வே ஸ்டேஷனுக்குப் போனார்கள். "சார், ரெண்டு ட்ராக் போதும். ரயில் வந்தா பாட்டை நிறுத்திக்கிடுதோம்" என்று கொம்பையா எவ்வளவோ பணிவாகக் கேட்டும் அங்கிருந்தவர்கள் விரட்டிவிட்டார்கள். கலைக்கு மரியாதை அவ்வளவுதான்.

வீட்டுக்கே வந்தார்கள். ஜன்னல் இருந்த ஓட்டை வழியே தெருவே உள்ளே எட்டிப் பார்த்தது. தளவாய் கடைசியாக ஒன்று சொன்னான்: "திரையில சத்தக் கோடு ஏறிச் சிவப்பைத் தொடக் கூடாது. பச்சையிலேயே நிக்கணும்."

வாழையிலை வாங்கி வந்து விரித்தார்கள். லிங்கதுரை அதன்மேல் நின்று உருகிப் பாடினான். எப்படியோ பதிந்தும் விட்டது.

"இப்ப எக்ஸ்போர்ட் பண்ணுங்க. அதோட முடிஞ்சுது" என்றான் தளவாய்.

நல்லவேளை, ஊரிலேயே துறைமுகம் இருந்தது.

"என்ன சரக்கு?" என்று கேட்டார் வாசல் காவலாளி.

"ஒரு பாட்டு."

"எந்த நாட்டுக்கு?"

"உடன்குடிக்கு."

காவலாளி பஸ் ஸ்டாண்ட் பக்கம் கையைக் காட்டினார். "உடன்குடிக்குக் கப்பல் கிடையாதுய்யா. பஸ்ல போங்க."

போனார்கள். சந்தனமாரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு, அவர்கள் கொண்டுபோன லேப்டாப் முன்னால் உட்கார்ந்தாள். மூவரும் சுவரோரம் நின்றார்கள். பாட்டு முடிந்தது. ஆனால் அன்றைக்கு நிறுத்த மறந்ததில், அதன் பிறகு லிங்கதுரை புலம்பியதும் பதிந்திருந்தது: "நான் என்னத்தப் பாடிக் கிழிச்சேன்? ஆனா அவளைக் கண்ணுக்குள்ள வச்சுப் பாப்பேன். என்னைக் கட்டிக்கிடுவாளாலே?"

சந்தனமாரிக்குக் கண் கலங்கிவிட்டது. திரையைப் பார்த்தபடியே சொன்னாள்:

"கட்டிக்கிடுதேன்."

ஹெட்போன் இல்லாத மூவருக்கும் அந்த ஒரு சொல்தான் கேட்டது. மெல்ல வெளியே வந்து ஆலோசித்தார்கள்.

"யாரைக் கட்டிக்கிடுதாளாம்?"

"நாம ஒண்ணும் கேக்கலையே. லேப்டாப்புதான் என்னமோ கேட்டிருக்கு. அதுக்குத்தான் பதில் சொன்னா."

"நான் பக்கத்துலதானே நின்னேன்?"

"உன்னைப் பாத்தா சொன்னா? அதைப் பாத்துல்லா சொன்னா."

லிங்கதுரை துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பெருந்தன்மையான பையன். "போகட்டும். படிச்ச மாப்பிள்ளை" என்று பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தான்.

சந்தனமாரி வாசலுக்கு ஓடிவந்தாள். "எங்க போறிய? நான்தான் சம்மதிச்சிட்டேன்லா!"

"கேட்டுச்சு மதினி" என்றான் லிங்கதுரை. "மாப்பிள்ளையை வெயில்ல மட்டும் வச்சுராதிய. சூடாயிருவாரு."