ஏழு வருஷத்து ‘இல்லை’

வைத்தியர் செவந்தியம்மாளிடம் சீடராக இருந்த ஒச்சப்பனுக்கு ஒரே வேலைதான். வெள்ளிக்கிழமைதோறும் வீடு வீடாகப் போக வேண்டும். “யாருக்காவது வாந்தி, வயித்தால போறது உண்டா?” என்று கேட்க வேண்டும். திரும்பி வந்து நோட்டில் தெருவுக்கு ஒரு வரி எழுத வேண்டும். ஏழு வருஷமாக எல்லாத் தெருவுக்கும் ஒரே வார்த்தை: இல்லை.

சீடருக்குக் குருவைவிடப் பத்து வயது கூடுதல். முன்பு காலரா வந்தபோது மகளைப் பறிகொடுத்துவிட்டு, “எனக்கு வைத்தியம் சொல்லிக் குடுங்கம்மா” என்று வந்து நின்றவர்.

ஊர் சும்மா விடுமா? “என்னண்ணே, இந்த வாரமும் இல்லையா? போன பிறவியில பிச்சை கேட்டு வந்தவங்களுக்கெல்லாம் இல்லைன்னே சொல்லியிருப்பீங்க போல!”

அந்தக் கோடையில் ஆற்றுக்கு அக்கரையில் காலரா திரும்பி வந்தது. நானூறு பேர் படுத்தார்கள். ராப்பகலாகப் பாடுபட்ட அந்த ஊர் வைத்தியருக்கு மாலை போட்டு ஊர்வலம் நடத்தினார்கள். மேளச்சத்தம் இக்கரைவரை கேட்டது. ஒச்சப்பனுக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

“அம்மா, நான் அக்கரைக்குப் போறேன். அங்கதான் வைத்தியம் நடக்குது. இங்க இருந்து நான் என்னத்தக் கிழிச்சேன்?”

செவந்தியம்மாள் நோட்டைப் புரட்டி, கடைசிப் பக்கத்தில் விரல் வைத்தார்.

“தாராளமாப் போங்கண்ணே. நேத்து வண்டிப்பேட்டைத் தெருவுக்கு ‘இல்லை’ன்னு எழுதியிருக்கீங்களே, போய்ப் பாத்தீங்களா?”

ஒச்சப்பன் முகம் சுண்டிப்போனது.

“வெயில் தாங்கலம்மா. எப்பவும் இல்லைதானேன்னு...”

“போகாம எழுதினா அதுக்குப் பேரு ‘இல்லை’ இல்லண்ணே. ‘தெரியாது.’”

ஒச்சப்பன் செருப்பைக்கூட மாட்டவில்லை. ஓடினார்.

வண்டிப்பேட்டையின் கடைசி வீட்டில் நாலு வயசுப் பெண் குழந்தை கண் உள்ளே போய்க் கிடந்தாள். வயிற்றால் அரிசி கழுவின தண்ணீராகப் போய்க்கொண்டிருந்தது. அவர் மகளுக்கும் அப்படித்தான் போனது. ஒச்சப்பன் கொதித்து ஆறிய நீரில் உப்பும் சர்க்கரையும் கலந்து கரண்டி கரண்டியாகப் புகட்டினார். குருவுக்கு ஆள் விட்டார். அவர் வந்ததும் கிணற்றைப் பலகை போட்டு மூடினார்கள். வீட்டுக்கு வீடு அடுப்பில் தண்ணீர் கொதித்தது.

மூன்றாம் நாள் குழந்தை எழுந்து உட்கார்ந்து சோறு கேட்டாள். வேறு யாருக்கும் வரவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஓர் அதிகாரி வண்டிப்பேட்டைக்கு விவரம் எழுத வந்தார். செவந்தியம்மாளும் ஒச்சப்பனும் முன்னால் நிற்க, பேட்டை ஜனமே கூடி நின்றது.

“இங்க எத்தனை பேருக்கு வந்துச்சு?”

“ஒரு புள்ளைக்குங்க” என்றார் ஒச்சப்பன்.

“மொத்தமே ஒண்ணா? அக்கரையில நானூறுய்யா! ஒழுங்கா வீடு வீடாப் போய்ப் பாத்தீங்களா?”

“ஒரு வீடு விடலைங்க.”

“சாவு?”

ஒச்சப்பன் கூட்டத்தைப் பார்த்தார். அந்தக் குழந்தை அம்மாவின் இடுப்பில் உட்கார்ந்து முறுக்கு கடித்துக்கொண்டிருந்தாள்.

“இல்லை” என்றார். பக்கத்தில் நின்றவருக்கே கேட்கவில்லை.

செவந்தியம்மாள் அவரைத் திரும்பிப் பார்த்தார்.

“ஏழு வருஷமா எழுதுற வார்த்தைண்ணே அது. சத்தமாச் சொல்லுங்க.”