ராஜாவைத் திட்ட ஆள் கிடைக்காத கள்ளுக்கடை

கழுதைக்குக் கொம்பு முளைக்காவிட்டாலும் ராஜாவின் மச்சினனுக்குப் பதவி முளைத்த ஒரு காலத்திலே, குன்றையூர் என்றொரு சின்ன ராஜ்ஜியம் இருந்ததாம். அதை ஆண்டவர் திருமேனி ராயர்.

கோட்டை வாசலுக்கு எதிரே மூக்காயி என்பவள் கள்ளுக்கடை வைத்திருந்தாள். பனையோலைக் கூரை, உட்காரப் பலகை, கடித்துக்கொள்ளச் சுட்ட கருவாடு. வண்டிக்காரர், கொல்லர், பல்லக்குத் தூக்கி எல்லோரும் பொழுது சாய வருவார்கள். ஆளுக்கொரு மொந்தை குடிப்பார்கள். ராஜாவைக் கொஞ்ச நேரம் திட்டுவார்கள். மனசு லேசாகி வீட்டுக்குப் போவார்கள். மறுநாள் முணுமுணுக்காமல் வரியும் கட்டுவார்கள்.

அந்தக் கூட்டம் ராஜாவின் மச்சினன் ரங்கப்பன் கண்ணை உறுத்தியது. அக்காளிடம் சொன்னான். அக்காள் ராஜாவிடம் சொன்னாள். கடை கைமாறியது. ரங்கப்பன் கள்ளில் கிணற்றையே கவிழ்த்தான். குடித்தவர்களுக்கு ஏப்பம் வந்தது, போதை வரவில்லை. கூட்டம் கலைந்தது. உடனே, வீட்டுக்கு ஒரு மொந்தை கட்டாயம் வாங்கியாக வேண்டும் என்று தண்டோரா போட்டான். சனங்கள் வாங்கிப்போய்க் கொல்லையில் முருங்கைக்கு ஊற்றினார்கள். அந்த வருஷம் குன்றையூரில் முருங்கைக்காய் நன்றாகக் காய்த்தது. கடைதான் படுத்துவிட்டது.

அடுத்தபடியாகக் கடையை எடுத்துக்கொண்டவர் ஒற்றர் தலைவர் உறங்காப்புலி.

"குடித்தவன் வாயில்தான் மகாராஜா, ராஜத்துரோகம் வெளியே வரும். கடையை என்னிடம் விடுங்கள்" என்றார்.

கள் இலவசம் ஆயிற்று. சுண்டலும் இலவசம். கொஞ்ச நாளில் கடையில் உட்கார இடமில்லை. அரண்மனைக்குத் தினமும் ஒரே சேதி போயிற்று: மகாராஜாவைத் திட்ட ஊரில் ஒருவர்கூட இல்லை. அதைக் கேட்டுக் கேட்டு ராஜா ஒரு சுற்றுப் பெருத்தே போனார்.

இந்த நிலைமையில்தான் மூக்காயி சபைக்கு வந்தாள். கூட வந்தவன் சீராளன். சபையில் வேடிக்கை பேசிப் பிழைக்கிறவன்.

"என் கடையை எனக்கே குடுத்துருங்க சாமி. அது இல்லாம எனக்குப் பொழப்பு இல்ல. கடை செத்துக் கிடக்கு" என்றாள் மூக்காயி.

"செத்துக் கிடக்கிறதா? கூட்டம் தெருவரைக்கும் நிற்கிறதே" என்றார் ராஜா.

"அங்க யாரும் வாயே தொறக்கிறதில்ல சாமி. பேச்சில்லாத எடம் கள்ளுக்கடையா?"

"என்ன பேச வேண்டும் என்கிறாய்?"

மூக்காயி சீராளனைப் பார்த்தாள். சீராளன் தலையைச் சொறிந்துகொண்டே, "உங்களைப் பற்றித்தான் மகாராஜா. வேறென்ன பேசுவார்கள்?" என்றான்.

ராஜாவின் மீசை துடித்தது. "என்னைத் திட்ட ஊரில் ஆளில்லை என்று ஒற்றர் தலைவர் சொல்கிறார். நீ ஆள் உண்டு என்கிறாய். சரி, அந்தக் கடைக்குள் என்னைப் பழித்துப் பேசுகிற ஒருவனைக் காட்டு. கடை இவளுக்கு. பேசினவன் தலை எனக்கு. காட்ட முடியாவிட்டால் இரண்டு பேரும் நாட்டைவிட்டுப் போய்விடுங்கள்."

மூக்காயிக்கு அழுகை வந்துவிட்டது. ஒருத்தன் கழுத்தை அறுத்தா கடையை வாங்குவது? சீராளன் மட்டும் நிதானமாக, "நீங்களே வந்து காதால் கேளுங்கள் மகாராஜா. மாட்டுத் தரகர் வேஷத்தில் போவோம்" என்றான்.

சாயங்காலம் மூன்று பேரும் போனார்கள். ராஜாவுக்குப் பெரிய முண்டாசு, தோளில் துண்டு. கடை நிறைய ஆட்கள். ஒருவரும் குடிக்கவில்லை. மொந்தையைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்து ஆள் வாயையே பார்த்தார்கள்.

"இந்த வருஷம் மழையே இல்லை" என்றான் ஒருவன்.

"இல்லைதான். ஏன் இல்லை என்று நினைக்கிறீர்கள்?"

"நீங்கள் சொல்லுங்கள் அண்ணே."

"நீங்கள் மூத்தவர். நீங்கள் சொன்னால்தான் மரியாதை."

அதோடு அந்தப் பேச்சு நின்றது. ராஜாவுக்குப் பெருமை தாங்கவில்லை. தன் மூன்றாவது மொந்தை இறங்கியதும் சீராளன் காதில், "பார்த்தாயா, என்மேல் எவ்வளவு பாசம்" என்றார்.

"பயமாகவும் இருக்கலாமே. யாராவது தொடங்கினால்தானே தெரியும்."

"நானே தொடங்குகிறேன். எல்லோரும் எப்படி எனக்காகச் சண்டைக்கு வருகிறார்கள், பார்."

ராஜா துண்டை உதறிக்கொண்டு எழுந்தார். "இந்த ஊர் ராஜா இருக்கானே, அவன் ஒரு தண்டம். ஏரியைத் தூர் வாரச் சொன்னால் யானைக்குப் பட்டுப் போர்வை தைக்கிறான். மச்சினன் கையை நீட்டினால் கடையைக் கொடுப்பான், நாளைக்குக் கோட்டையையும் கொடுப்பான்."

கள்ளும் உண்மையும் சேர்ந்துகொண்டதால் அவரால் நிறுத்த முடியவில்லை. ராணியின் சமையலைப் பற்றித் தொடங்கப் போகும்போது பலகைகள் கவிழ்ந்தன. கடை மொத்தமும் அவர்மேல் பாய்ந்தது.

"நான்தான் முதலில் கேட்டேன்."

"கையை எடு. இவன் என் ஆள்."

"காலை நான் பிடித்துவிட்டேன், பரிசில் எனக்குப் பாதி."

முண்டாசு அவிழ்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து ஓடிவந்த உறங்காப்புலி ராஜாவின் முகத்தைப் பார்த்தார். அப்படியே மண்ணில் விழுந்தார்.

ராஜா கள் கொட்டிய சேற்றைத் துடைத்துக்கொண்டு கேட்டார். "இத்தனை பேரும் உம்முடைய ஒற்றர்களா? குடிக்க வந்தவன் ஒருத்தன்கூட இல்லையா?"

"ஒருத்தன் இருந்தான் மகாராஜா."

"எங்கே அவன்?"

"அவனையும் வேலைக்குச் சேர்த்துக்கொண்டோம்."

சீராளன் கைகட்டி முன்னால் வந்தான். "பழித்துப் பேசினவரைக் காட்டிவிட்டேன் மகாராஜா. சாட்சி கடை நிறைய இருக்கிறது. தலையை எப்போது வாங்கலாம்?"

ராஜா தன் கழுத்தைத் தடவிப் பார்த்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். "அவனை விட்டுவிடு. ஏதோ மனசில் பட்டதைச் சொன்னான்."

"அவனை மட்டுமா? மற்றவன் சொன்னால்?"

"சரியப்பா, யார் சொன்னாலும் தலை பிழைத்தது. கடை மூக்காயிக்கு. ஒற்றர்கள் எல்லோரும் வெளியே போங்கள்."

உறங்காப்புலி முன்னால் போக, ஒற்றர்கள் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு பின்னால் போனார்கள். கடைசியாகப் போனவன் வாசலில் நின்று திரும்பினான்.

"அக்கா, அப்ப என் வேலை போயிருச்சா?"

"போயிருச்சு தம்பி" என்றாள் மூக்காயி.

அவன் திரும்பி வந்து பலகையை நிமிர்த்திப் போட்டு, சாவகாசமாக உட்கார்ந்தான். "அப்ப ஒரு மொந்தை ஊத்து. இந்த ராஜாவப் பத்தி நெறையப் பேச வேண்டியிருக்கு."

"இருந்து கேட்டுவிட்டுப் போகலாமே மகாராஜா" என்றான் சீராளன்.

ராஜா முண்டாசை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, விறுவிறுவென்று கோட்டையைப் பார்த்து நடந்துவிட்டார்.