கைப்பிடியின் அடிப்பக்கம்

“எனக்கு எப்பங்க தனியா ஒரு வண்டி குடுப்பீங்க?” என்று மருதைவீரன் கேட்டார்.

தமயந்தி ஒரு தகட்டைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“ரெண்டு வருஷமாச்சு மேஸ்திரி. ஸ்குரூ எடுத்துக் குடுத்தே என் வெரலு தேஞ்சு போச்சு.”

“தேயட்டும்ணா,” என்றாள்.

அவருக்கு ஐம்பத்து நாலு வயது. அவளுக்கு முப்பத்தைந்து. வயசைப் பார்த்து அவள் அண்ணா என்பாள். வேலையைப் பார்த்து அவர் மேஸ்திரி என்பார்.

கரூருக்கு வெளியே கேரவன் கட்டுகிற பட்டறை அது. காருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுத்துப் போகிற வீட்டு வண்டிகள். சுவரெல்லாம் அலுமினியத் தகடு, வரி வரியாக மேடும் பள்ளமுமாக இருக்கும். உள்ளே மரச்சட்டம். தகட்டின் மேல் விளக்கோ ஏணியோ வாசல் கைப்பிடியோ எதை மாட்டினாலும், மாட்டின இடத்தில் மழைத்தண்ணீர் உள்ளே போகக்கூடாது. மாட்டுவது பெரிய காரியமில்லை. அடைப்பதுதான் வேலை.

அடைப்பதில் மருதைவீரனை மிஞ்ச ஆளில்லை. அப்படித்தான் மருதைவீரன் நினைத்திருந்தார்.

நினைக்கக் காரணமும் இருந்தது. இருபத்தாறு வருஷம் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிகளுக்கு ஒழுகல் அடைத்த மனுஷன். முசிறியிலிருந்து குளித்தலை வரைக்கும் அவர் கைவைத்த தொட்டி ஒரு சொட்டு விட்டதாகப் பேச்சில்லை. முழங்கால் மாடிப்படி ஏற மறுத்த பிறகுதான் இங்கே வந்து சேர்ந்தார்.

அந்தப் பட்டறைக்கு ஒரு வழக்கம் உண்டு.

வாசல் கைப்பிடி மாட்டின அன்றைக்கே அதை நல்ல வேலை என்று யாரும் சொல்லிவிட மாட்டார்கள். ஒரு மழைக்காலம் போகவேண்டும். வண்டி திரும்பி வரவேண்டும். மாட்டினவனே அந்தக் கைப்பிடியைப் பிடித்து, இரண்டு காலையும் மடக்கி, மேஸ்திரி ஒரு கிளாஸ் டீ குடித்து முடிக்கிற வரைக்கும் தொங்கவேண்டும்.

தொங்கிவிட்டால் தனியாகக் கட்ட ஒரு வண்டி. அவ்வளவுதான் பரீட்சை.

மருதைவீரன் போன வைகாசியில் ஒரே ஒரு கைப்பிடி தன் கையால் மாட்டியிருந்தார். தை பிறந்து ஆறாம் நாள் அந்த வண்டி பட்டறைக்குள் வந்து நின்றது.

வண்டிக்காரர் சாதிக் பாட்சா. ஊர் ஊராகப் போய்க் கண் பார்த்து மூக்குக்கண்ணாடி கொடுக்கிறவர். எட்டு மாசமும் வால்பாறை, கூடலூர் என்று மழைக்குள்ளேயே சுற்றி வந்திருந்தார்.

“பாத்துக்கங்க மேஸ்திரி,” என்றார் மருதைவீரன். “எட்டு மாச மழை. என் ஒட்டு ஒரு மயிரிழை விட்டிருக்கான்னு பாருங்க.”

தமயந்தி வந்து பார்த்தாள். வாசலுக்குப் பக்கத்தில் கைப்பிடி. அதன் அடித்தட்டைச் சுற்றி நாலு பக்கமும் வெள்ளை சிலிக்கான் பசை, நேற்றுப் பூசினது மாதிரி.

“நல்லா இருக்கா?” என்று அவரையே கேட்டாள்.

“நான் சொல்லணுமாக்கும்.”

“சரி. தொங்குங்க.”

வெல்டர் அந்தோணி கழிவுப் பஞ்சு மூட்டை இரண்டைக் கொண்டுவந்து கீழே போட்டான்.

“இது எதுக்குடா?” என்றார் மருதைவீரன்.

“வழக்கம்ணா.”

“எனக்கு வேண்டாம். எடு.”

“கெடக்கட்டும்ணா. வயித்தை மட்டும் எக்கிப் புடிச்சுக்கங்க. பாதிப் பாரம் அங்கதான் இருக்கு.”

வேலையாட்கள் சிரித்தார்கள். மருதைவீரனும் சிரித்தார். வேட்டியை மடித்துக் கட்டினார். வலது கையால் பிடித்தார், இடது கையையும் சேர்த்தார். தமயந்தி டீ கிளாஸை வாய்க்குக் கொண்டுபோனாள்.

காலை மடக்கினார்.

சத்தமே இல்லை. ஊறின பன்னிலிருந்து ஸ்பூனை உருவுகிற மாதிரி கைப்பிடி சுவரை விட்டு வந்துவிட்டது.

மருதைவீரன் மூட்டையின் மேல் மல்லாந்து கிடந்தார். கைப்பிடி அவர் நெஞ்சின் மேல் இருந்தது. நாலு ஸ்குரூவும் அதிலேயே நின்றன, நுனியில் கருப்பாக ஈர மரம் அப்பியபடி. சுவரில் நாலு ஓட்டை. நாலிலிருந்தும் காப்பி நிறத்தில் தண்ணீர் இறங்கி அவர் கணுக்காலில் சொட்டியது.



சாதிக் பாட்சா தன் கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, திரும்பப் போட்டுக்கொண்டு அந்த ஓட்டைகளைப் பார்த்தார்.

“முந்தாநேத்து நாப்பது பேரு இதப் புடிச்சு ஏறுனாங்க,” என்றார். “எங்கிட்ட வர்றவங்க பாதிப் பேருக்குக் கண்ணு மங்கலுங்க. படி தெரியாது. கைப்பிடியத் தடவிப் பாத்துத்தான் காலையே தூக்குவாங்க.”

சொல்லிவிட்டு வெளியே போய் நின்றுகொண்டார்.

மருதைவீரன் எழுந்து உட்கார்ந்தார். கைப்பிடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஒட்டு விடல. பாருங்க மேஸ்திரி, சுத்தி வளையமா அப்படியே இருக்கு. ஒட்டு விடவே இல்ல.”

“ஆமா. விடல.”

“அப்புறம் தண்ணி எங்கிருந்து வந்துச்சு?”

தமயந்தி அவர் முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

“கையக் குழிச்சு நீட்டுங்கண்ணா.”

நீட்டினார். குடிக்காத டீயை அதில் ஊற்றினாள். டீ ஆறிப் போயிருந்தது.

“எவ்வளவு நேரம் வெச்சிருப்பீங்க?”

“வெரல் இடுக்கு விடாமப் புடிச்சா எவ்வளவு நேரம்னாலும் வெச்சிருப்பேன்.”

“ஒரு சொட்டு விட மாட்டீங்க.”

“விட மாட்டேன்.”

“வண்டி ஓடுறப்ப தகடு நெளியும். மேல ஒரு ஊசி போற அளவு எடம் வந்தாப் போதும், தண்ணி உள்ள வந்துரும். யாரு அடைச்சாலும் வரும். நான் அடைச்சாலும் வரும்.”

அவ்வளவுதான் சொன்னாள்.

மருதைவீரன் தன் கையைப் பார்த்தார். டீ அப்படியே நின்றது. உள்ளங்கைக் குழியில், ரேகையெல்லாம் மூழ்கி, அசையாமல் நின்றது.

பிறகு அந்தக் கைப்பிடியின் அடித்தட்டைப் பார்த்தார். மேலே வெள்ளை. இடது பக்கம் வெள்ளை, வலது பக்கம் வெள்ளை. கீழேயும் வெள்ளை. நடுவில் நாலு ஸ்குரூ.

எட்டு மாசமாகச் சுவரில் ஒரு தொட்டி இருந்திருக்கிறது. அவர் கட்டின தொட்டி. ஒழுகாத தொட்டி.

விரல்களை விரித்தார். டீ கொட்டிப் போயிற்று.

தலையைத் தூக்கினார். எதிரே தமயந்தி மாட்டின வண்டி ஒன்று நின்றது. அதன் கைப்பிடியை அவர் இதுவரை ஆயிரம் தடவை பார்த்திருப்பார். மேலே ஒட்டு, இரண்டு பக்கமும் ஒட்டு. பள்ளத்துக்குப் பள்ளம் கருப்பு ஒட்டுப்பட்டையை விரலால் அமுக்கி நிரப்பியிருப்பாள். கீழே மட்டும் ஒன்றுமிருக்காது. தண்ணீர் இறங்கிப் போக விட்டுவிடுவாள்.

முதல் மாசத்திலேயே அவர் அதைக் கவனித்துவிட்டார். கவனித்து, பாவம் பொம்பளை, முதுகு வலிக்குது, குனிந்து அடியில் பூச முடியவில்லை என்று நினைத்துக்கொண்டார்.

நினைப்போடு நிற்கவும் இல்லை.

சொல்லாமல் இருந்துவிடலாம். யாருக்கும் தெரியாது. குனிந்து அண்ணாந்து பார்த்தால் ஒழியத் தெரியாத இடம். பரீட்சையில்தான் தோற்றாயிற்று, அடுத்த மழை இருக்கிறது, அதற்கடுத்த மழை இருக்கிறது. இதைச் சொன்னால் வாசலுக்கு வெளியேதான்.

வெளியே சாதிக் பாட்சா யாருக்கோ போன் பேசிக்கொண்டிருந்தார். ‘இன்னிக்கு வரலம்மா, நீங்க வீட்டுலயே இருங்க’ என்பது கேட்டது.

“மேஸ்திரி,” என்றார் மருதைவீரன்.

“ம்.”

“உங்க வண்டிகளுக்கும் அடிச்சிருக்கேன்.”

“என்னத்த?”

“அடிப்பக்கம். நீங்க விட்டுட்டீங்கன்னு நெனச்சேன். மத்தியானம் எல்லாரும் சாப்பிடப் போறப்ப, சிலிக்கான் எடுத்துக் கையால ஒரு இழு இழுத்து விட்டேன். வெளிய தெரியாம. உங்களுக்குக் கொறைச்சலாப் போகக்கூடாதேன்னு.”

தமயந்தி அவரையே பார்த்தாள். முகத்தில் ஒன்றும் ஓடவில்லை. கிளாஸ் மட்டும் கையிலிருந்து நழுவி மூட்டையில் விழுந்து உருண்டது.

“எத்தனை வண்டிக்கு?”

“பதினொண்ணு.”

அந்தோணி சுவரில் சாய்ந்துகொண்டான்.

“எப்பருந்து?”

“போன சித்திரையிலருந்து.”

“மொதல்ல எந்த வண்டிக்கு அடிச்சீங்க?”

மருதைவீரன் பின்பக்கம் கை காட்டினார்.

“உங்க வண்டிக்கு.”

பட்டறைக்குப் பின்னால், வேலியோரம், தமயந்தியின் சொந்த வண்டி நிற்கும். நாலு வருஷமாக அதுதான் அவளுக்கு வீடு. காலையில் இறங்கும்போதும் ராத்திரி ஏறும்போதும் அந்தக் கைப்பிடியைப் பிடித்துத்தான் உடம்பைத் தூக்குவாள். குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒரு கையால் ஏறுவாள்.

எழுந்து போனாள். அவர் பின்னாலேயே ஓடினார்.

“தொடாதீங்க மேஸ்திரி. கையி வெச்சிராதீங்க.”

அவள் தொடவில்லை. கைப்பிடிக்கு அடியில் தலையைக் கொடுத்து அண்ணாந்து பார்த்தாள். மெல்லிசாக ஒரு வெள்ளைக் கோடு. நல்ல கைவேலை. பிசிறே இல்லை.

இடுப்பிலிருந்து கட்டர் கத்தியை எடுத்தாள். கோட்டின் ஒரு முனையில் குத்தி மறுமுனை வரைக்கும் இழுத்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.

பிறகு அவள் நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. பழுப்பாக. பின்னால் இன்னொன்று. அவள் விலகவில்லை, துடைக்கவும் இல்லை. அது மூக்கோரமாக இறங்கிக் கன்னத்துக்கு வந்தது.

“தினமும் காலையில மத்தவங்க மாட்டுன வண்டி எல்லாத்தையும் தடவிப் பாப்பேன். நான் மாட்டுனதத்தான் பாக்கல,” என்றாள் மெதுவாக.

மருதைவீரன் கை கட்டி நின்றார்.

“அண்ணா. கீழ ஏன் விடுறேன்னு ஒரு தடவ கேட்டிருக்கலாமே.”

“கேட்டா நீங்க பதில் சொல்ல மாட்டீங்க மேஸ்திரி.”

அவள் திரும்பினாள்.

“ரெண்டு வருஷத்துல நான் கேட்டது எதுக்கும் நீங்க பதில் சொன்னதில்ல. ‘ம்’முன்னுதான் சொல்லுவீங்க. பாத்துத் தெரிஞ்சுக்கட்டும்னு விட்டுருவீங்க. நானும் பாத்தேன். பாத்து, இப்படித் தெரிஞ்சுக்கிட்டேன்.”

அந்தோணி அவசரமாக, “ண்ணா, விடுங்க,” என்றான்.

தமயந்தி கையைக் காட்டி அவனைப் பேசாமல் இருக்கச் சொன்னாள். படியில் உட்காரப் போனவள், கைப்பிடிக்குப் போன கையை இழுத்துக்கொண்டு, தரையில் உட்கார்ந்தாள். மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தாள்.

பிறகு போனை எடுத்தாள்.

மீதிப் பத்து வண்டிக்கும் அவளே பேசினாள். ஒவ்வொருவரிடமும் ஒரே பேச்சு. வாசல் கைப்பிடியைத் தொடாதீங்க, சுவத்தைப் புடிச்சு ஏறுங்க, ஆள் வருது. இரண்டு பேர் கோபப்பட்டார்கள். ஒருத்தர், யாரும்மா இந்த வேலையப் பாத்தது என்று கத்தினது வெளியே கேட்டது. மருதைவீரன் போனுக்குக் கை நீட்டினார். அவள் கொடுக்கவில்லை.

“எங்க பட்டறையில பாத்ததுங்க,” என்றாள்.

ஒன்பது பேர் கிடைத்துவிட்டார்கள். பத்தாவது ஆள் எடுக்கவில்லை. தாராபுரத்துக்காரர். திரும்ப அடித்தாள். மணி போய்க்கொண்டே இருந்தது. மருதைவீரன் அந்த மணியை நெஞ்சில் எண்ணினார். எட்டாவது மணியில் ஒரு பெண்குரல் எடுத்து, அவர் மாட்டுக்குத் தண்ணி காட்டுறாருங்க, வண்டி ஷெட்டுல பூட்டிக் கெடக்கு என்றது.

அப்புறம்தான் அவருக்கு மூச்சு வந்தது.

தமயந்தி எழுந்து, பத்துப் பேர் விலாசத்தையும் ஒரு அட்டையில் எழுதினாள். கட்டர் கத்தியை மடக்கினாள். ஒட்டுப்பட்டை ஒரு சுருள், புது ஸ்குரூ ஒரு பொட்டலம். பட்டறை வேன் சாவியை அதன்மேல் வைத்தாள். எல்லாவற்றையும் சேர்த்து மருதைவீரன் கையில் கொடுத்தாள்.

அவர் வாங்கிக்கொண்டு நின்றார். கணக்குத் தீர்த்து அனுப்புகிறாள் என்றுதான் முதலில் நினைத்தார். சாவியைப் பார்த்ததும் அந்த நினைப்பு குழம்பியது.

“நான் போயி என்ன பண்ணணும் மேஸ்திரி?”

“அடிப்பக்கம் அறுத்து விடுங்க. மரம் எப்படி இருக்குன்னு குத்திப் பாருங்க. ஊறியிருந்தாக் கழட்டி, சட்டத்த மாத்தி, புதுசா மாட்டுங்க. மாட்டிட்டு நீங்களே தொங்குங்க.”

“இந்த வேலைக்கு அப்புறமுமா என்னத் தனியா அனுப்புறீங்க?”

“ஆமா.”

“நீங்க கூட வரலியா?”

அவள் கன்னத்தில் அந்தப் பழுப்புக் கோடு காய்ந்து போயிருந்தது.

“எனக்கு என் வண்டியக் கழட்டணும்,” என்றாள்.