ஒரே மூச்சில் தேர்முட்டி வரை

ராஜாக்கள் வெண்குடை பிடித்து ஆண்ட காலம். மருந்து வேண்டுமென்றால் மலையேறிப் பறித்துவர வேண்டிய காலம். அந்தக் காலத்தில் வெண்கரை என்று ஒரு நாடு இருந்தது. அதை ஆண்டவன் கோதைமாறன். நல்லவன்தான், ஆனால் யார் கடைசியாகப் பேசினார்களோ அவர்கள் சொன்னதே சரி என்று தலையாட்டுவான். சின்னவர்களே, பெரியவர்களே, காதைக் கொடுங்கள். இந்தக் கதை நிற்க நேரமில்லாமல் ஓடப்போகிறது.

வெண்கரைக்கு ஒரு காய்ச்சல் வந்தது. மூச்சைப் பிடித்து இறுக்கும் காய்ச்சல். படகுத்துறையில் தொடங்கியது, சந்தைக்கு வந்தது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அரண்மனைத் தெருவுக்கும் வந்துவிட்டது.

மருந்து இருந்தது. அரண்மனை வைத்தியர் மருதனார் மலை மூலிகையில் லேகியம் கிண்டியிருந்தார். ஆனால் இருந்ததோ ஒரே ஒரு பானை. வாசலில் நின்றதோ பாதி ஊர். மறுபடி மூலிகை பறிக்கப் போனவர்கள் எப்போது திரும்புவார்கள் என்று யாருக்கும் தெரியாது.

மருதனார் பாவம், கண்மூடித் தூங்கியே பல நாள் ஆகியிருந்தது. "பிழைக்க முடியாதவர்களுக்குக் கொடுத்தால் மருந்து வீண். பிழைக்கும் தெம்பு உள்ளவர்களுக்குக் கொடுப்போம்" என்றார்.

"அது யாரென்று எப்படித் தெரியும்?" என்றான் ராஜா.

வெண்கரைக்காரர்களுக்குச் சடுகுடு ஆட்டமென்றால் உயிர். வைத்தியருக்கும் அதுதான் தோன்றியது. அரண்மனை வாசலில் தொடங்கி, கோயில் தேர் நிற்கும் தேர்முட்டி வரை, "சடுகுடு சடுகுடு" என்று மூச்சு விடாமல் பாடிக்கொண்டே ஓட வேண்டும். தேர்முட்டியைத் தொட்டவர்களுக்கு மாலையில் லேகியம். மூச்சு இருந்தால் தெம்பு இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

ராஜா தலையாட்டினான். முரசு அறைந்தார்கள். ஊரே திரண்டது. மல்லன் வேங்கையன் காய்ச்சலோடு பாய்ந்து ஓடித் தேர்முட்டியை அறைந்தான். ஒரே கைதட்டல்.

அடுத்து வந்தவன் பூக்கட்டும் சாத்தன். அவனுக்குக் கண் தெரியாது. நாலு எட்டு ஓடியதுமே திசை தவறிக் கூட்டத்துக்குள் மோதி விழுந்தான். "அடுத்தவர்" என்றான் காவலன்.

பிறகு துணி வெளுக்கும் மாசி வந்தான். பிறந்ததிலிருந்து பேச்சு வராதவன். காற்றாய் ஓடித் தேர்முட்டியைத் தொட்டுவிட்டான். ஆனால் சடுகுடு கேட்கவில்லையே. "அடுத்தவர்" என்றான் காவலன்.

அவனுக்குப் பின்னால் வந்தாள் மீன் விற்கும் செங்கமலம். பிறவியிலேயே இடது கால் சூம்பியவள், கோல் ஊன்றி நடப்பவள். காய்ச்சலில் உடம்பு கொதித்தது. ஓடச் சொன்ன வழியைப் பார்த்தாள், தன் காலைப் பார்த்தாள், ஓடவில்லை. "அடுத்தவர்" என்றான் காவலன்.

"அடுத்தவரும் இல்ல, அதுக்கடுத்தவரும் இல்ல. நான் நகரமாட்டேன்" என்று அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

கூட்டத்தில் பட்டு உடுத்திய ஒரு பெரிய மனிதர் முணுமுணுத்தார்: "இந்தக் காலை வைத்துக்கொண்டு இவள் பிழைத்துத்தான் என்ன செய்யப்போகிறாள்?" இப்படிக் கேட்க ஒரு வாய்! எனக்கு இப்போது சொல்லும்போதும் கோபம் வருகிறது.

செங்கமலத்துக்குக் காது நன்றாகக் கேட்கும். "மீன் விப்பேன், சோறு திம்பேன், எங்க தெருவுல சண்டை போடுவேன். நீங்க பிழைச்சா என்ன செய்வீங்களோ, அதேதான் சாமி" என்றாள். பிறகு ராஜாவைப் பார்த்தாள். மூச்சு இரைத்தது, ஆனாலும் பேசினாள்.

"மகாராசா, சொரம் வர்றதுக்கு முன்னாடியும் என்னால இந்த ஓட்டம் ஓடியிருக்க முடியாது. நீங்க என் காலைப் பார்த்தீங்க, நோயைப் பார்க்கலையே. நம்பலைன்னா சொரமே இல்லாதவங்க மூணு பேரை ஓடவிட்டுப் பாருங்க."

கடைசியாகப் பேசியவள் அவள்தானே? ராஜா தலையாட்டினான்.

முதலில் மந்திரியார் ஓடினார். நோய் நொடி இல்லாத உடம்பு, கொஞ்சம் தொப்பை. பாதி வழியில் மூச்சு முட்டி உட்கார்ந்துவிட்டார். அடுத்து ராஜமாதா. ஒரு முறை "சடுகுடு" என்றதுமே சிரிப்பு வந்து பாட்டு நின்றுபோனது. மூன்றாவதாக, தாதியின் இடுப்பிலிருந்து இறக்கிவிட்டார்கள் குட்டி இளவரசனை. இன்னும் நடை பழகாத பிள்ளை. அது மண்ணை அள்ளி வாயில் போட்டுக்கொண்டது.

"வைத்தியரய்யா, உங்க கணக்குப்படி இந்த மூணு பேரும் பிழைக்கமாட்டாங்க. பாடை கட்டச் சொல்லட்டுமா?" என்றாள் செங்கமலம்.

ஊர் கொல்லென்று சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. ஓடிப்போய்ப் பிள்ளையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டான்.

மருதனார் படியிறங்கி வந்தார். செங்கமலத்தின் அருகே மண்ணில் உட்கார்ந்து, அவள் முதுகில் காது வைத்துக் கேட்டார். "நேற்று எப்படி இருந்தது? இன்றைக்கு எவ்வளவு கூடியிருக்கிறது?" என்று விசாரித்தார். சாத்தனையும் மாசியையும் அப்படியே பார்த்தார். மாசி கையாலேயே பதில் சொன்னான். "இவர்கள் உடம்பிலும் மருந்து பிடிக்கும், வேங்கையனுக்குப் போலவே பிடிக்கும். நான்தான் தப்பாகப் பார்த்துவிட்டேன்" என்றார்.

ஆனால் பானை அதே பானைதானே? எல்லாருக்கும் பிடிக்கும், எல்லாருக்கும் போதாது. மருந்து தேவைப்பட்ட எல்லார் பெயரையும் ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டுக் குலுக்கினார்கள். ராஜமாதா கைவிட்டு எடுத்தாள். சாத்தன் பெயர் வந்தது. ஒரு வணிகன் பெயர் வந்தது. மாசி பெயர் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. பானையின் அடியில் கடைசி உருண்டை. அதற்கென்று எடுத்த ஓலை. வேங்கையன்.

செங்கமலத்தின் பெயர் வரவில்லை.

ராஜாவுக்குத் தாங்கவில்லை. "அம்மா, இந்தக் குலுக்கல் முறையே உன்னால்தான் வந்தது. அவனிடமிருந்து வாங்கி உனக்குத் தருகிறேன்" என்றான்.

"வேண்டாம் மகாராசா. காலையில என்னைத் தள்ளுனீங்க. இப்ப எனக்குச் சீட்டு விழலை. அது வேற, இது வேற."

இந்த முறை ராஜா தலையாட்டவில்லை. தலைகுனிந்து, கடைசி உருண்டையை வேங்கையனிடமே கொடுத்தான்.

மறுநாள் பொழுது விடிய, மலைக்குப் போனவர்கள் மூலிகைக் கட்டுகளோடு குதிரைகளை விரட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். புதுப் பானை கொதித்தது. மீதி ஓலைகள் மறுபடி குடத்துக்குள் போயின. ஆறாவதோ ஏழாவதோ, செங்கமலம் பெயர் வந்தது. அவளோ அப்போது குடிசையில் எழுந்திருக்க முடியாமல் கிடந்தாள். வைத்தியர் யாரையும் ஏவவில்லை. உருண்டையைக் கையில் பொத்திக்கொண்டு மீன் சந்தை வழியே தானே ஓடினார். அவள் தலையை மடியில் தாங்கி ஊட்டினார். பிழைத்துக்கொண்டாள்.

ஆகவே, மருந்து குறைவாக இருக்கும் காலத்தில் நோயைப் பார்த்துத்தான் பங்கிட வேண்டுமே தவிர, உடலின் குறையைப் பார்த்து யாரையும் வரிசையிலிருந்து தள்ளக் கூடாது.